ஃபைலைக் கலைக்காதீர்கள்: பல்கலைக்கழக நிர்வாக ஆவணங்களைக் காக்க ஒரு கையேடு

காப்பகத்தில் நான் செய்த முதல் வேலையே தப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, காப்பகத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. பழைய பதிவறை ஒன்றைக் காலி செய்து, நானூறு ஃபைல்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கு எல்லாம் கலந்து கிடப்பதாகத் தோன்றியது. கட்டடம் ஒரு பக்கம், நியமனம் ஒரு பக்கம், பாடத்திட்டம் ஒரு பக்கம் என்று பொருள்வாரியாகப் பிரித்து மூன்று வாரத்தில் அடுக்கிவிட்டேன். அந்த அலுவலகத்தில் முன்பு கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பார்க்க வந்தார். அலமாரிகளை ஒரு சுற்று சுற்றினார்.

"ஏம்மா, 112-க்குப் பக்கத்துல 113 எங்கே?"

"அது கட்டடம் சார், அந்தப் பக்கம் இருக்கு."

"112-ல ஆய்வுக்கூடம் வேணும்னு கேட்டிருக்காங்க. 113-ல இடம் ஒதுக்கியிருக்காங்க. 114-ல அதுக்கு ஆள் போட்டிருக்காங்க. மூணும் ஒரே கதைம்மா. நீ மூணு ஊருக்கு அனுப்பிட்டே."

அந்த நானூறையும் பழையபடி அடுக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. தபால் பதிவேடு ஒன்று பிழைத்துக் கிடந்ததால்தான் அதுவும் முடிந்தது. அதனால் கீழே நான் சொல்லும் எல்லாமே ஒரு விதிக்குள் அடக்கம்: ஒரு அலுவலகத்தின் ஃபைல்களை இன்னொரு அலுவலகத்தின் ஃபைல்களோடு கலக்காதீர்கள், அந்த அலுவலகம் வைத்திருந்த வரிசையையும் குலைக்காதீர்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1841-இல் பிரான்சின் உள்துறை அமைச்சகம், ஒரு நிறுவனத்திலிருந்து வந்த ஆவணங்களை ஒன்றாகவே வைக்க வேண்டும் என்று தன் காப்பகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 1898-இல் முல்லர், ஃபெய்த், ஃபிரூயின் என்ற மூன்று டச்சுக் காப்பாளர்கள் இந்த இரண்டையும் விரிவான விதிகளாக எழுதி வைத்தார்கள். நான் அதைப் படித்தது ஃபைல்களைக் கலைத்த பிறகு. நீங்கள் கலைப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

முதலில் நடந்து பாருங்கள்

எதையும் தூக்காதீர்கள். ஒரு நோட்டு, பென்சில், அளவு நாடா, கைப்பேசி கேமரா. இவற்றை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போங்கள். பதிவாளர், தேர்வுப் பிரிவு, நிதி, கல்விப் பிரிவு, கட்டடப் பிரிவு, துறைத் தலைவர்களின் அறைகள். மாடிப்படிக்குக் கீழே உள்ள பூட்டிய அறையை மறக்காதீர்கள். முக்கியமானது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஒவ்வொரு இடத்திலும் நான் குறித்துக்கொள்வது இவ்வளவுதான்: இந்தத் தொகுதியை உருவாக்கியது எந்த அலுவலகம், என்ன வேலைக்காக, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எத்தனை மீட்டர், என்ன நிலைமை. மீட்டர் என்றால் அலமாரியில் ஃபைல்களை நிறுத்தி வைத்தால் எவ்வளவு நீளம் வரும் என்ற கணக்கு. காப்பகத்தில் ஃபைலை எண்ணிக்கையால் அளப்பதில்லை. ஒரு ஃபைலில் நாலு தாள் இருக்கும், இன்னொன்றில் நானூறு இருக்கும். ஒரு மீட்டர் ஏ4 தாள் சுமார் 50 கிலோ எடை வரும். இந்தக் கணக்கு பிறகு பொறியாளரிடம் பேசும்போது உதவும். தரை தாங்குமா என்று கேட்காமல் இரும்பு அலமாரி போட்டுவிட்டு வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலமாரியைப் படம் எடுத்து வையுங்கள். தட்டு தட்டாக, இடமிருந்து வலமாக. ஃபைல்களை இறக்கும்போது வரிசை தவறினால் அந்தப் படம்தான் சாட்சி.

அப்புறம், மனிதர்களிடம் பேசுங்கள். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதமே இருக்கும் பிரிவு எழுத்தர்தான் உங்கள் முதல் ஆள். ஃபைல் எண்ணில் உள்ள 'இ' என்றால் என்ன, சிவப்பு மையில் எழுதியது யார், ஒரே எண்ணில் இரண்டு ஃபைல் ஏன் இருக்கிறது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டு, தொகுதிக் குறிப்போடு சேர்த்து வையுங்கள்.

எதை வைப்பது, எதை விடுவது

ஒரு பல்கலைக்கழகம் உற்பத்தி செய்யும் தாளில் பெரும்பகுதி நிரந்தரமாக வைக்க வேண்டியது இல்லை. இதைச் சொன்னால் காப்பகத்தில் இருப்பவளா இப்படிப் பேசுவது என்று பார்ப்பார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்பவர் எதையும் தேடி எடுக்க முடியாதவர் ஆகிவிடுவார் என்பது என் அனுபவம்.

தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி, அலுவலகங்களின் பெயரை விட்டுவிட்டு வேலைகளைப் பார்ப்பது. அலுவலகப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், வேலைகள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் காப்பாளராக இருந்த ஹெலன் சாமுவெல்ஸ் 1992-இல் பல்கலைக்கழகங்களின் வேலைகளை ஏழாகப் பிரித்தார்: பட்டம் வழங்குவது, கற்பிப்பது, மாணவர்களைச் சமூக வாழ்வுக்குப் பழக்குவது, ஆராய்ச்சி, நிறுவனத்தை நடத்துவது, பொதுச் சேவை, பண்பாட்டை வளர்ப்பது. இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி, நம்மிடம் இருப்பதை அதற்கு நேராகப் போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது 'நிறுவனத்தை நடத்துவது' என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. 'கற்பிப்பது' கட்டத்தில் பாடத்திட்டப் புத்தகங்களைத் தவிர ஒன்றும் இல்லை. வகுப்பறையில் என்ன நடந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நிர்வாக ஆவணங்களில் கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரமாக வைக்க வேண்டியவை சில உண்டு. சட்டம், விதிகள், அவற்றின் திருத்தங்கள். செனட், ஆட்சிக்குழு, கல்விக்குழுக் கூட்டக் குறிப்புகள். பட்டம் பெற்றவர்களின் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு. படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுத்த ஃபைல்கள். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு. நில ஆவணங்கள், கட்டட வரைபடங்கள். துணைவேந்தர், பதிவாளர் ஆகியோரின் கொள்கை சார்ந்த கடிதங்கள். அறக்கட்டளை, பரிசு நிதி ஏற்படுத்திய பத்திரங்கள்.

கூட்டக் குறிப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான இடங்களில் அழகாக பைண்டு செய்த தீர்மானப் புத்தகத்தை மட்டும் அனுப்பிவிட்டு, நிகழ்ச்சி நிரலோடு சுற்றுக்கு வந்த இணைப்புத் தாள்களை எடைக்குப் போட்டுவிடுவார்கள். தீர்மானத்தில் என்ன இருக்கும்? "பொருள் 14: குழுவின் பரிந்துரை ஏற்கப்பட்டது." எந்தக் குழு? என்ன பரிந்துரை? எல்லாம் இணைப்பு 14-இல் இருக்கிறது. ஒருமுறை ஒரு பெண்மணி, தான் படித்த படிப்பு இன்னொரு படிப்புக்கு இணையானது என்று காட்ட வேண்டியிருந்ததால் வந்தார். தீர்மானம் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. அதில் அவருக்குப் பிரயோஜனமான ஒரு சொல்கூட இல்லை. இணைப்பு கிடைக்க நாலு நாள் ஆனது. அதுவும் ஒரு பேராசிரியரின் சொந்தப் பிரதி, அவருடைய அடிக்கோடுகளோடு. அன்றிலிருந்து இணைப்பு இல்லாமல் தீர்மானப் புத்தகம் வந்தால் நான் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை.

விடக்கூடியவை: விடுப்பு விண்ணப்பங்கள், எழுதுபொருள் கோரிக்கைகள், இன்னொரு அலுவலகத்தில் அசல் இருக்கும் நகல்கள், தகவலுக்காக மட்டும் வந்த சுற்றறிக்கைகள், அழைப்பிதழ்கள். விடைத்தாள்களை மறுமதிப்பீட்டுக் காலமும் வழக்குக்கான காலமும் முடிந்ததும் அழிக்கலாம். வினாத்தாள் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பணியாளர் ஃபைல்களுக்குக் காலக்கெடு நீளம். ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் முடியும்வரை அவை உயிருள்ள ஆவணங்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. எந்தத் தொகுதி, எவ்வளவு காலம் அலுவலகத்தில், அதன் பிறகு அழிப்பதா காப்பகத்துக்கு அனுப்புவதா என்று ஒரு காலவரை அட்டவணை தயாரியுங்கள். பதிவாளர், நிதி அலுவலர், சட்ட ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் சில ஆவணங்களுக்குக் குறைந்தபட்ச காலம் சொல்லியிருக்கும், அதைச் சட்ட ஆலோசகர் பார்க்கட்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ தணிக்கை ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலோ, அட்டவணை என்ன சொன்னாலும் கை வைக்கக் கூடாது. அழித்தவற்றுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: என்ன, எந்த வருடம், எவ்வளவு, யார் அனுமதி, எந்தத் தேதி. அந்தப் பதிவேடு நிரந்தர ஆவணம். இல்லாததை இல்லை என்று சொல்லவும் ஆதாரம் வேண்டுமே.

வாங்கும்போது கறாராக இருங்கள்

லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்குப் பெயர் ஒப்படைப்பு அல்ல. பெட்டிக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கு இரண்டு பிரதி, அனுப்புபவர் கையெழுத்து, பெறுபவர் கையெழுத்து. பட்டியலை அனுப்பும் அலுவலகம்தான் எழுத வேண்டும். நாம் எழுதினால் நாம் ஊகித்ததுதான் வரும். வந்ததும் ஒரு வரவு எண் கொடுங்கள்: வருடம், வரிசை எண், அவ்வளவு போதும். 2024/17 என்றால் அந்த ஆண்டில் வந்த பதினேழாவது தொகுதி.

வந்த பெட்டிகளை நேராகச் சேமிப்பறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தனி அறையில் சில நாள் வைத்து, பூச்சியும் பூஞ்சணமும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் மடிப்பில் மெல்லிய தூள், தாளின் மேல்தோலை மட்டும் சுரண்டியது போன்ற தடம் இருந்தால் இராமபாணப் பூச்சியாக இருக்கும். மண் பூசிய கோடு இருந்தால் கறையான். பாதித்தவற்றை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்தால் பூச்சி முட்டையோடு சாகும். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் இருந்தால் ஈரம் கோக்காது. நாப்தலீன் உருண்டையைத் தட்டுக்குத் தட்டு போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அது அங்கே வேலை செய்பவருக்குத்தான் கெடுதல். அதைவிடக் கதவோரத்திலும் மூலைகளிலும் ஒட்டுப்பொறி வைத்து, வாரம் ஒருமுறை எத்தனை பூச்சி, எந்த மூலையில் என்று எழுதி வாருங்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

தாளோடு உட்காரும் வேலை

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். மேசை, நல்ல வெளிச்சம், மென்மையான தூரிகை, மழுங்கிய முனையுள்ள ஒரு சிறு கரண்டி. ரப்பர் பேண்டு முதலில் போக வேண்டும். அது உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் பழுப்புக் கறை போகவே போகாது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின், இரும்பு கிளிப் எல்லாவற்றையும் எடுங்கள். பின்னை நகத்தால் இழுக்காதீர்கள். தாளைத் திருப்பி, பின்னின் கால்களை நிமிர்த்தி, மறுபக்கமாக மெதுவாக எடுங்கள். துரு இல்லாத பின் இருந்தால், அறையும் வறண்டிருந்தால், அதை விட்டுவிடலாம். எல்லா பின்னையும் எடுத்தே தீருவேன் என்று கிளம்பினால் ஆயுள் போதாது. எடுத்த இடத்தில் இந்தத் தாள்கள் சேர்ந்தவை என்று தெரிய, ஒரு மடித்த அமிலமற்ற தாளுக்குள் வையுங்கள்.

செலோ டேப்பைப் பிய்க்காதீர்கள், எழுத்தும் கூடவே வந்துவிடும். அது பழைய தாள்களைப் பழுதுபார்க்கப் பயின்ற நிபுணரின் வேலை. புதிதாக டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். லேமினேஷன் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு அதிகாரி நல்ல எண்ணத்தில்தான் பழைய பட்டப் பதிவேட்டின் முதல் நாற்பது பக்கங்களை லேமினேட் செய்து வைத்தார். சூட்டில் தாள் வெந்து, பிளாஸ்டிக் மஞ்சளாகி, ஓரங்களில் பிரிந்து, இன்றைக்கு அந்த நாற்பது பக்கமும் மற்றவற்றைவிட மோசம். கழற்றவும் வழியில்லை. தாளுக்கு உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை போடுங்கள், ஓரம் திறந்ததாக. பிவிசி உறை கூடாது, அதிலிருந்து வரும் வாயு தாளையும் மையையும் கெடுக்கும்.

பழைய ஃபேக்ஸ் தாள் பளபளப்பாக, சுருண்டுகொண்டே இருந்தால் அது வெப்பத்தாள். எழுத்து தானாகவே மங்கிவிடும், இருட்டில் வைத்தாலும்கூட. உடனே சாதாரணத் தாளில் நகலெடுத்து, 'வெப்பத்தாளிலிருந்து எடுத்த நகல்' என்று தேதியோடு பென்சிலில் எழுதி, அதே இடத்தில் வையுங்கள்.

காப்பகத்தில் பேனாவுக்கு இடமில்லை. பென்சில் மட்டும். கையுறை பற்றி எல்லோரும் கேட்பார்கள். தாளுக்குப் பருத்திக் கையுறை வேண்டாம், விரலின் உணர்வு போய்த் தாளைக் கிழித்துவிடுவீர்கள். கழுவித் துடைத்த வெறும் கை போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் கையுறை.

பிறகு அமிலமற்ற உறை, அமிலமற்ற பெட்டி. பெட்டியைத் திணிக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். காலியாக விட்டால் ஃபைல்கள் சரிந்து வளையும். வரைபடங்களை மடிக்காமல் தட்டையான இழுப்பறையில் வையுங்கள். இடமில்லை என்றால் ஒரு தடித்த அட்டை உருளையின் மேல் சுற்றலாம், உள்ளே திணிக்காமல்.

அறை

அடித்தளம் வேண்டாம், தண்ணீர் அங்கேதான் தேங்கும். மேல் தளமும் வேண்டாம், கூரை ஒழுகும், வெயில் காயும். நடுவில் ஒரு தளம், மேலே கழிப்பறையோ தண்ணீர்க் குழாயோ போகாத அறை. முதல் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், காற்று போக வழி விடுங்கள்.

18 முதல் 20 டிகிரி செல்சியஸ், 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று புத்தகங்கள் சொல்லும். உங்களால் அதை 24 மணி நேரமும் நடத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் போகாதீர்கள். தினமும் ஏறி இறங்கும் வெப்பமும் ஈரமும், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நிலையாக இருக்கும் அறையைவிடக் கெடுதல். ஈரப்பதம் 65-ஐத் தாண்டித் தங்கினால் பூஞ்சணம் வரும், அந்தக் கோட்டை மட்டும் தாண்ட விடாதீர்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கி வாசலில் மாட்டாமல், அறையின் தூரத்து மூலையில் வையுங்கள். வாசலில் எப்போதும் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

விவரப் பட்டியல்

காப்பகங்களுக்கான சர்வதேச குழு வகுத்த விவரிப்பு நெறியில் இருபத்தாறு கூறுகள் உண்டு. பயந்துவிடாதீர்கள். கட்டாயம் என்று வைத்தவை ஆறே ஆறு: குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பின் மட்டம். கடைசியாகச் சொன்னது, நீங்கள் விவரிப்பது முழுத் தொகுதியையா, அதில் ஒரு வரிசையையா, ஒரு ஃபைலையா என்பது.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் பதிவாளர் அலுவலகம், பிறகு அதன் கல்விக்குழு வரிசை, பிறகு ஃபைல். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தாள் வரை பட்டியல் போட வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் முதல் அலமாரியைத் தாண்டுவதில்லை. நான் முதல் சுற்றில் எல்லாத் தொகுதிகளுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். ஃபைல் மட்டத்துக்கு இறங்கியது கூட்டக் குறிப்புகளுக்கும் படிப்பு அங்கீகாரத்துக்கும் மட்டும்.

தலைப்பு எழுதும்போது உறையில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், பிறகு உங்கள் விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் சேருங்கள். "பொது – இதர" என்று ஒரு ஃபைல் எங்களிடம் இருந்தது. உள்ளே ஒரு விடுதி வேலைநிறுத்தத்தின் முழு விசாரணையும் இருந்தது. உறையின் பெயரை மாற்றவில்லை, [விடுதி வேலைநிறுத்த விசாரணை, சாட்சியங்களுடன்] என்று சேர்த்தேன். இதர என்று ஒருவர் ஏன் பெயர் வைத்தார் என்பதும் ஒரு நாள் யாருக்காவது தேவைப்படலாம்.

துறைப் பெயர்கள் மாறிய வரலாற்றை ஒரு தனித் தாளில் வையுங்கள். எந்தத் துறை எதிலிருந்து பிரிந்தது, எதோடு சேர்ந்தது, எந்த ஆண்டு. தேடி வருபவர் அன்றைய பெயரைத்தான் சொல்வார், பட்டியலில் வேறு பெயர் இருக்கும்.

கணினியில் இருப்பவை

தாள் அலட்சியத்தை ஐம்பது வருடம் தாங்கும். கணினிக் கோப்பு ஐந்து வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம். ஸ்கேன் செய்துவிட்டோம், அசலைத் தூக்கிப் போடலாமா என்பார்கள். நிரந்தர ஆவணத்துக்கு என் பதில்: கூடாது. ஸ்கேன் என்பது எல்லோரும் பார்ப்பதற்கான பிரதி.

கணினியிலேயே பிறந்தவைதான் பெரிய தலைவலி. 'மினிட்ஸ்_ஃபைனல்_புதியது_2_திருத்தியது' என்று ஒன்று வரும். எது குழு ஒப்புக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. எனவே அலுவலகத்திலேயே பெயரிடும் முறையைப் பழக்குங்கள்: 2023-03-14 என்று வருடம் முதலில், பிறகு குழு, பிறகு 'ஒப்புதல்' அல்லது 'வரைவு'. இறுதிப் பிரதியை பிடிஎஃப்/ஏ வடிவத்தில் கேளுங்கள். எழுத்துருவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வடிவம் அது. நம் மொழிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. யூனிகோடு வருவதற்கு முன் தட்டச்சு செய்த பழைய ஃபைல்களைத் திறந்து, எழுத்துரு இல்லாமல் வெறும் குறிகளாக வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 போன்ற சரிபார்ப்புத் தொகை எடுத்து வையுங்கள். கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். வருடம் ஒருமுறை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில்.

மின்னஞ்சலைப் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே கேளுங்கள். ஓய்வு பெற்ற மறுநாள் கணக்கை மூடிவிடுவார்கள், அதோடு ஒரு துணைவேந்தரின் மூன்று வருடக் கடிதப் போக்குவரத்தும் போய்விடும்.

மாணவர் தரவுத்தளத்தை மாற்றும்போது பழையதிலிருந்து சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது வெறும் எழுத்தில் உள்ள பட்டியல்களாக, எடுத்துத் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன அர்த்தம் என்ற அட்டவணை இல்லாமல் விடாதீர்கள். எங்களிடம் வந்ததில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை, அதில் 1, 2, 3, 7. மூன்று என்றால் என்ன என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற ஒரு தட்டச்சரைத் தேடிப்பிடித்துக் கேட்டோம். "பணம் கட்டிட்டுச் சேராம போனவங்க" என்றார். ஏழு என்றால் என்ன என்று அவருக்கும் ஞாபகம் இல்லை.

யார் பார்க்கலாம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கூட்டக் குறிப்பு, அறிக்கை, விதிகள் இவற்றைத் திறந்து வையுங்கள். மாணவர் ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவம், பணியாளர் ஃபைல்களுக்கு மூடுகாலம் வையுங்கள், எந்த வருடம் திறக்கும் என்பதையும் உறையிலேயே எழுதுங்கள். உயர் அதிகாரி தொலைபேசியில் கேட்டாலும் எழுத்தில் கோரிக்கை வாங்குங்கள். எந்த ஃபைல் வெளியே போனாலும் அது இருந்த இடத்தில் ஒரு அட்டை நிற்க வேண்டும்: யார், எப்போது, எதற்கு.

தண்ணீர் வந்தால்

2021 ஏப்ரல் 18 அன்று கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்துக்கு மலைத் தீ பரவியது. வாசிப்பறை எரிந்துபோனது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் தீ கட்டடத்தின் மற்ற பகுதிகளுக்குப் போகவில்லை. ஆனால் தீயை அணைக்க அடித்த தண்ணீர் அடித்தளச் சேமிப்பறைகளுக்குள் இறங்கியது. பிறகு நடந்த மீட்பு வேலையின் பெரும்பகுதி நனைந்தவற்றை வெளியே கொண்டுவருவதுதான். தீ வந்தாலும் கடைசியில் நாம் எதிர்கொள்வது ஈரத்தைத்தான்.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். கொஞ்சம் என்றால் மின்விசிறியின் காற்றில், வெயில் படாமல், உறிஞ்சு தாள் விரித்து உலர்த்துங்கள். நிறைய என்றால் உலர்த்த முயலாதீர்கள், உறைய வையுங்கள். உறைந்த தாள் கெடாமல் காத்திருக்கும், பிறகு வெற்றிட முறையில் உலர்த்திக்கொள்ளலாம். இதற்காக ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த அன்றைக்குப் போய்ப் பேசினால் நடக்காது. நனைந்த புத்தகத்தைத் திறக்காதீர்கள், ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதீர்கள், பெட்டி நனைந்திருந்தால் அடியில் பலகை கொடுத்துத் தூக்குங்கள்.

முதலில் எதைத் தூக்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். எங்கள் பட்டியலில் முதல் வரி பட்டப் பதிவேடுகள், இரண்டாவது கூட்டக் குறிப்புகள், மூன்றாவது வரவுப் பதிவேடும் அழித்தவற்றின் பதிவேடும். அவற்றை வாசலுக்கு அருகில், இடுப்பு உயரத் தட்டில் வைத்திருக்கிறோம். பெட்டியின் ஓரத்தில் இருட்டில் டார்ச் அடித்தால் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறோம்.

சாவி யாரிடம், மின்சார மெயின் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, குளிர்கிடங்கின் எண் என்ன, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரே தாளில் அச்சடித்து, வேலை செய்யும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பல வருடம் அலுவலகக் கணினியில் மட்டும்தான் இருந்தது. ஒரு ராத்திரி மேல்மாடிக் குழாய் உடைந்தபோது மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாளைத் திறக்க வழியில்லாமல் நானும் காவலாளியும் டார்ச் வெளிச்சத்தில் வால்வைத் தேடிக்கொண்டிருந்தோம்.